டேபிள் இல்லாமல் டேபிள் டென்னிஸ்: விஆர் ஹெட்செட்டில் எட்டு மாதப் பயிற்சி

காரைக்குடியில் 19 வருடமாக டேபிள் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறேன். பழைய வீடு ஒன்றின் போஜன ஹாலை வாடகைக்கு எடுத்து இரண்டு டேபிள் போட்டிருக்கிறேன். சாயங்காலம் 5 மணிக்குப் பிள்ளைகள் வர ஆரம்பித்தால் 8 மணிவரை அந்த ஹாலில் பந்துச் சத்தம்தான். போன ஆண்டு என் தங்கை மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வரும்போது, நான் கேட்டுக்கொண்டபடி ஒரு விஆர் ஹெட்செட் (கண்ணை மூடி மாட்டினால் மெய்நிகர் காட்சி சுற்றிலும் தெரியும் கருவி) வாங்கி வந்தார். அதில் டேபிள் டென்னிஸ் விளையாட்டு ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து ஏற்றிக்கொண்டேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. பெற்றோர் பலர் "சார், நாங்களும் ஒண்ணு வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். பதில் ஒரு வரியில் அடங்காது, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கம்பி இல்லாத, தலையில் மாட்டினால் அரைக் கிலோ இருக்கும் வகை இது. இந்த வகையில் கிடைப்பவை எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன என்பதால் கம்பெனிப் பெயருக்குள் நான் போகவில்லை. செலவு என்று பார்த்தால் ஹெட்செட், விளையாட்டு, பேட் மாதிரிப் பிடி எல்லாம் சேர்த்து ஒரு நல்ல டேபிள் வாங்கும் பணம் ஆனது. எனக்கு அது சின்னத் தொகை இல்லை. மூன்றாவது டேபிளுக்கு என்று சேர்த்த பணம் அது.

ஏன் டேபிளை விட்டு இதை வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் விளையாட்டில் எதிரில் ஆள் வேண்டும். கிரிக்கெட் என்றால் பையன் சுவரில் பந்தடித்துக்கூடக் கொஞ்சம் கற்றுக்கொள்வான். இங்கே தனியாக ஷேடோ பிராக்டிஸ் (பந்து இல்லாமல் பேட்டை வீசிப் பழகுவது) செய்யலாம், டேபிளின் ஒரு பாதியை மடித்து நிறுத்தி அடிக்கலாம், அதற்கு மேல் எதுவும் முடியாது. சென்னையில் பெரிய கிளப்பில் வளரும் பிள்ளைக்கு ஒரு வாரத்தில் பத்துப் பதினைந்து விதமான சர்வீஸைச் சந்திக்க வாய்ப்பு உண்டு. என் பிள்ளைகள் வருடம் முழுக்க அதே எட்டுப் பேரின் சர்வீஸைத்தான் எடுக்கிறார்கள். போட்டிக்குப் போனால் முதல் செட்டிலேயே திணறுவது இதனால்தான். என் கவலை டேபிள் குறைவு பற்றியது இல்லை, ஆள் குறைவு பற்றியது.

முதல் நாள் நானே மாட்டிப் பார்த்தேன். 2.74 மீட்டர் டேபிள், 15.25 சென்டிமீட்டர் உயர நெட், எல்லாம் அளவு மாறாமல் கண்முன் நின்றது. நான்கைந்து பாயின்ட் ஆடியதும் வழக்கம்போல உள்ளங்கை வியர்வையைத் துடைக்க நெட்டுக்குப் பக்கத்தில் டேபிள்மேல் கையை வைத்தேன். 30 வருடப் பழக்கம். கை அப்படியே கீழே இறங்கியது. அப்போதுதான் அங்கே டேபிள் இல்லை என்பது உடம்புக்கு உறைத்தது. கண் அந்த அளவுக்கு நம்பிவிட்டிருந்தது.

பந்தின் ஓட்டத்தில் நான் குறை சொல்ல எதுவும் இல்லை. 2.7 கிராம் பந்து காற்றில் எப்படிப் போகுமோ அப்படித்தான் போகிறது. டாப்ஸ்பின் (முன்னோக்கிய சுழற்சி) கொடுத்தால் நெட் தாண்டியதும் தலைகுப்புற இறங்குகிறது. கட் (பின்னோக்கிய சுழற்சி) போட்டால் மிதந்து வந்து டேபிளில் பட்டதும் தயங்குகிறது. பேட் கோணத்தைக் கொஞ்சம் மூடித் திறந்து பார்த்தேன். உண்மையில் பந்து எங்கே போயிருக்குமோ அங்கேதான் போனது. ஆனால் முதலில் ஒன்றைச் சரிசெய்ய வேண்டும். கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் கோணமும் உள்ளே தெரியும் பேட்டின் கோணமும் ஒத்துப்போக வேண்டும். வாங்கின நிலையில் எனக்கு அது ஒத்துவரவில்லை. என் சொந்த பேட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, ஹெட்செட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, செட்டிங்கில் மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் ஆனது. இதைச் செய்யாமல் பிள்ளை கையில் கொடுத்தால் மணிக்கட்டு தவறாகப் பழகிவிடும். வாங்குகிறவர்கள் இந்த ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து செலவழியுங்கள்.

இனி, நான் எதிர்பார்க்காத ஒன்று. ஹெட்செட்டுக்குள் எதிராளிக்கு உடம்பு கிடையாது. ஒரு தலை, ஒரு பேட், அவ்வளவுதான். தோள் இல்லை, முழங்கை இல்லை. அந்தரத்தில் பேட் மட்டும் ஆடுகிறது. முதலில் இதைப் பெரிய குறை என்றுதான் நினைத்தேன். சர்வீஸைப் படிக்க எதிராளியின் முழங்கையையும் மணிக்கட்டையும் பார் என்றுதானே நாங்கள் சொல்லிக்கொடுப்போம்.

என்னிடம் எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். கால் வேகம் நன்றாக இருக்கும், ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் வயசுக்கு மீறினது. ஆனால் ரிசீவ், அதாவது எதிராளியின் சர்வீஸைத் திருப்புவது, வராது. கட் சர்வீஸ் வந்தால் நெட்டில் போடுவாள், டாப்ஸ்பின் வந்தால் தூக்கிக் கொடுப்பாள். இரண்டு வருடமாக "பேட்டைப் பாரும்மா, பேட்டைப் பாரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். "பார்க்கிறேன் சார்" என்பாள். உண்மையில் அவள் பார்த்தது எதிராளியின் முகத்தை, அப்புறம் டேபிளில் விழுந்த பந்தை. நடுவில் பேட் பந்தைத் தொடும் அந்த ஒரு கணத்தை விட்டுவிடுவாள்.

ஹெட்செட்டுக்குள் அவளுக்குப் பார்க்க வேறு எதுவுமே இல்லை. மூன்றாவது நாள், மாட்டிக்கொண்டு ஆடியபடியே சத்தமாகச் சொன்னாள்: "சார், இது கீழே போகுது... இது பக்கவாட்டில... இது மேலே." நான் பக்கத்தில் நின்று கைப்பேசியில் அவள் பார்ப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேட் பந்தை உரசும் திசையைத்தான் அவள் சொன்னாள். பந்து நெட்டைத் தாண்டுவதற்கு முன்பே சொன்னாள். அன்றைக்கு அவளை ரிசீவ் எடுக்கவே விடவில்லை. பேட்டைக் கீழே தொங்கவிட்டு, அரை மணி நேரம் வாயால் மட்டும் சொல்லச் சொன்னேன். உண்மையான டேபிளில் இதைச் செய்ய வேண்டுமென்றால் இன்னொரு பிள்ளை அரை மணி நேரம் சர்வீஸ் மட்டும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். யார் போடுவார்கள்?

இது பற்றித் தேடிப் படித்தபோது ஒரு பழைய ஆய்வு கண்ணில் பட்டது. 1997இல் எமானுவேல் டோடோரோவ், ரெசா ஷாட்மெர், எமிலியோ பிட்சி என்ற மூவர் வெளியிட்டது. மெய்நிகர் சூழலில் கஷ்டமான ஓர் அசைவைக் கற்றுக்கொடுக்க முடியுமா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்டது டேபிள் டென்னிஸ் ஷாட் ஒன்றைத்தான். இப்போது இருக்கும் ஹெட்செட் எல்லாம் அப்போது ஏது? கணினித் திரையில், சொல்லிக்கொடுப்பவரின் பேட் அசைவையும் கற்றுக்கொள்பவரின் பேட் அசைவையும் சேர்த்துக் காட்டியிருக்கிறார்கள். அப்படிப் பழகியவர்கள், அதே அளவு நேரம் உண்மையான டேபிளில் பழகியவர்களைவிட நன்றாக ஆடினார்கள். படித்தபோது எனக்கு அந்தப் பெண் வாயால் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. உடம்பு முழுவதையும் காட்டாமல் பேட்டை மட்டும் காட்டினால் கற்றுக்கொள்பவரின் கவனம் சிதற இடமே இல்லை.

அதற்காக விஆர் உண்மையான டேபிளைவிட மேல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2019இல் தெற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 57 பேரை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பகுதியினர் ஹெட்செட்டில் கணினி எதிராளியோடு டேபிள் டென்னிஸ் ஆடிப் பழகினார்கள். மற்றவர்கள் எந்தப் பயிற்சியும் எடுக்கவில்லை. பிறகு எல்லோரையும் உண்மையான டேபிளில் ஆட வைத்துப் பார்த்தால், ஹெட்செட்டில் பழகியவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். இந்த ஆய்வைப் பலரும் விளம்பரம்போலச் சொல்கிறார்கள். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒப்பிட்டது சும்மா இருந்தவர்களோடு. டேபிளில் பழகியவர்களோடு இல்லை. என் பிள்ளைகளைப் பொறுத்தவரை கேள்வியும் அதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஆள் இல்லாமல் இருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடியது ஹெட்செட் அல்லது ஒன்றுமே இல்லை. அந்த இடத்தில் ஹெட்செட் ஜெயிக்கிறது. சென்டரில் எதிரில் ஆள் நிற்கும் நேரத்தில் நான் அதைப் பெட்டியைவிட்டு எடுப்பதே இல்லை.

எவ்வளவு நேரம் கொடுப்பது என்பதற்கு எனக்கு வழிகாட்டியது வேறு துறை. 2002இல் யேல் பல்கலைக்கழகத்தில் 16 பயிற்சி அறுவை மருத்துவர்களை வைத்துச் செய்த ஆய்வு அது. லேப்ராஸ்கோப்பி முறையில் பித்தப்பையை எடுக்கும் அறுவை. பாதிப் பேருக்கு வழக்கமான பயிற்சியோடு மெய்நிகர் கருவியிலும் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பித்தப்பையைப் பிரித்தெடுக்கும் வேலையை 29 சதவீதம் வேகமாக முடித்தார்கள். கருவியில் பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத இடத்தைச் சுட்டுவிடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு அதிகமாக இருந்தது. நான் பிடித்துக்கொண்டது இந்த எண்களை இல்லை. இத்தனை மணி நேரம் பழகு என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அனுபவசாலி மருத்துவர்கள் அதே கருவியில் எட்டிய அளவை எட்டும்வரை பழகச் சொன்னார்கள். நானும் அப்படியே மாற்றிக்கொண்டேன். ஹெட்செட்டில் இருக்கும் பந்து இயந்திரத்தில் வேகம், ஸ்பின், விழும் இடம் மூன்றையும் நாமே வைக்கலாம். கலந்து வரும் 20 பந்தில் 16ஐ சொன்ன இடத்தில் திருப்பினால், அதையும் அடுத்தடுத்து இரண்டு தடவை செய்தால், அன்றைய வேலை முடிந்தது. ஒரு பிள்ளை எட்டு நிமிடத்தில் கழற்றிவிட்டுப் போகும், இன்னொன்றுக்கு 20 நிமிடம் ஆகும். 20 நிமிடத்துக்கு மேல் யாரையும் விடுவதில்லை.

சரி, குறைகள். முதல் குறை, கையில் பந்து படவில்லை. பேட் பந்தைத் தொட்டால் கன்ட்ரோலர் 'டிர்' என்று அதிர்கிறது. மெதுவாகத் தள்ளும் புஷ் போட்டாலும் அதே 'டிர்', ஓங்கி அடித்தாலும் ஏறக்குறைய அதேதான். உண்மையான பேட்டில் பந்து ரப்பரைத் தொட்டிருப்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் ஸ்பாஞ்சுக்குள் அழுந்தியதா, மேலோடு வழுக்கியதா, நுனியில் பட்டதா என்று விரல்கள் சொல்லிவிடும். அந்தச் செய்தி ஹெட்செட்டில் வராது. ஷார்ட் புஷ், டிராப் போன்ற மென்மையான ஆட்டம் எதையும் இதில் சொல்லிக்கொடுக்க முடியாது. நான் முயற்சி செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளின் புஷ் இதனால் இறுகிப்போனது. திரும்பத் தளர்த்த ஒரு மாதம் மல்டிபால் (பந்துகளை அடுத்தடுத்துப் போட்டுப் பழக்குவது) போட வேண்டியிருந்தது.

சர்வீஸ் இன்னும் மோசம். விதிப்படி பந்தை விரித்த உள்ளங்கையில் வைத்து, குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே எறிய வேண்டும். ஹெட்செட்டிலோ இடது கை கன்ட்ரோலரை மூடிப் பிடித்திருக்கிறது. விரலால் அழுத்தினால் பந்து வருகிறது, விட்டால் போகிறது. வீட்டில் சொந்தமாக ஹெட்செட் வைத்திருக்கும் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் அதில் சர்வீஸ் பழகினான். எனக்குத் தெரியாது. பக்கத்து ஊர்ப் போட்டியில் அவன் கை மூடியபடியே பந்தை எறிந்தான். நடுவர் முதலில் எச்சரித்தார், அடுத்த தடவை பாயின்ட்டை எதிராளிக்குக் கொடுத்துவிட்டார். 9-8இல் இருந்த செட் அது. பையன் முகம் வாடிப்போனதை என்னால் பார்க்க முடியவில்லை. அன்றிலிருந்து எங்கள் சென்டரில் ஹெட்செட்டில் சர்வீஸ் பழகக் கூடாது. வீட்டில் வைத்திருப்பவர்களும் இதைக் கண்டிப்பாகப் பின்பற்றுங்கள்.

கண் பார்க்கும் பரப்பும் குறைவு. இரண்டு கண்ணும் சேர்ந்து நமக்குப் பக்கவாட்டில் ஏறக்குறைய 200 டிகிரி தெரியும். ஹெட்செட் காட்டுவது அதில் பாதி. கீழ்ப்பக்கமும் அப்படித்தான் வெட்டுப்படுகிறது. வயிற்றுக்குப் பக்கத்தில் வரும் பந்தைப் பார்க்கப் பிள்ளைகள் கழுத்தை மடக்குகிறார்கள். இதைப் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்தாவிட்டால் டேபிளுக்கும் அதே கழுத்தோடுதான் வருவார்கள்.

தலைசுற்றல் வருமா என்று எல்லா அம்மாக்களும் கேட்கிறார்கள். இந்த விளையாட்டில் என் பிள்ளைகள் யாருக்கும் வரவில்லை. கால் நகர்ந்தால்தான் காட்சியும் நகர்கிறது, கண் சொல்வதும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு சொல்வதும் ஒத்துப்போகின்றன. கார் ஓட்டும் விளையாட்டைப் போட்டுப் பார்த்த ஒரு பையனுக்குத்தான் குமட்டியது. உடம்பு அசையாமல் காட்சி மட்டும் ஓடினால் அப்படித்தான் ஆகும்.

விழுவது உண்மையான ஆபத்து. ஷார்ட் பந்தை எட்டி எடுக்கும்போது நிலை தவறினால் இடது கை தானாக டேபிளில் ஊன்றப் போகும். ஒரு பையன் ஊன்றினான், டேபிள் இல்லை, முழங்காலில் நல்ல அடி. பக்கத்தில் நான் இருந்தும் பிடிக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு கயிற்றுப் பாய் வாங்கிப் போட்டேன். வெறுங்காலோடு பாயின்மேல் நிற்க வேண்டும், பாயின் முன்விளிம்பு காலில் பட்டால் டேபிள் அங்கே தொடங்குகிறது என்று அர்த்தம். கண்ணை நம்பாமல் காலை நம்பு என்று சொல்லியிருக்கிறேன். பிறகு யாரும் விழவில்லை. பாய் போட்டதில் இன்னொரு லாபம், ஆத்தங்குடிக் கல் தரையில் வியர்வைக் கால் வழுக்குவதும் நின்றது.

அந்தத் தரை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஹெட்செட்டில் இருக்கும் கேமராக்கள் அறையில் தெரியும் புள்ளிகளையும் விளிம்புகளையும் பிடித்துக்கொண்டுதான் நாம் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடுகின்றன. வெறும் வெள்ளைச் சுவர் என்றால் அவை தடுமாறும். பூப்போட்ட ஆத்தங்குடித் தரை அவற்றுக்கு நல்ல தோதாக அமைந்துவிட்டது. ஆனால் எங்கள் ஹாலில் ஆள் உயரக் கண்ணாடி ஒன்று சுவரில் இருக்கிறது. அதில் தெரியும் பிம்பத்தைக் கேமரா இன்னொரு அறை என்று நினைத்து, பாதி ஆட்டத்தில் டேபிள் நகர்ந்துபோனது. வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டு மூடினேன், சரியாகிவிட்டது. கரன்ட் போனால் ஹெட்செட் பேட்டரியில் ஓடும், ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாங்கும். ஆனால் இருட்டில் கேமராவுக்குக் கண் தெரியாது, ஆகவே நிறுத்திவிட வேண்டியதுதான். முற்றத்து வெயில் படும் இடத்தில் மட்டும் அதை வைத்துவிடாதீர்கள். லென்ஸ் வழியாக வெயில் குவிந்து உள்ளே இருக்கும் திரையைச் சுட்டுவிடும்.

தலையில் தேங்காய் எண்ணெய், இரட்டைச் சடை, பூ. எங்கள் பெண் பிள்ளைகள் இப்படித்தான் வருவார்கள், வரட்டும். கூடவே வந்த துணிப் பட்டை இரண்டே வாரத்தில் எண்ணெய் குடித்துவிட்டது. துடைக்கக்கூடிய உறையும், சடைக்கு மேலே ஏறி உட்காரும் கெட்டியான பட்டையும் தனியாக வாங்கினேன். பலர் பயன்படுத்தும் இடம் என்றால் இந்தச் செலவை முதலிலேயே கணக்கில் சேருங்கள். கண்ணாடி போடும் பிள்ளைகளுக்கு லென்ஸுக்கும் கண்ணுக்கும் நடுவில் இடைவெளியைக் கூட்டும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பத்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் மாட்டுவதில்லை. இணையத்தில் முகம் தெரியாதவர்களோடு ஆடும் வசதியில் பேச்சு ஒலியை முழுவதும் அணைத்துவைத்திருக்கிறேன். கணக்கு என் பெயரில்தான், கடவுச்சொல் என்னிடம்தான்.

அந்த எட்டாம் வகுப்புப் பெண் மாவட்டப் போட்டியில் காலிறுதிவரை போனாள். அங்கே 3-2இல் தோற்றாள். கடைசி செட்டில் டாப்ஸ்பின் அடி இரண்டு வெளியே போனது, கால் தளர்ந்துவிட்டது. ஆனால் ரிசீவில் அவள் தோற்கவில்லை. நான் டேபிளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிராளி பந்தை எறியும்போது அவள் பந்தோடு மேலே போகவில்லை, முகத்துக்கும் போகவில்லை, பேட்டில் நின்றாள். இரண்டு வருடம் நான் கத்தியும் நடக்காதது அது. ஹெட்செட் மட்டும்தான் காரணம் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன், அந்த எட்டு மாதமும் அவள் வாரத்தில் ஐந்து நாள் டேபிளிலும் ஆடியிருக்கிறாள். ஆனால் அந்தக் கண் எங்கே பழகியது என்பது எனக்குத் தெரியும்.

வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: பிள்ளை ஏற்கெனவே ஒரு சென்டரில் ஒரு வருடமாவது ஆடியிருந்து, ஸ்ட்ரோக் ஓரளவு அமைந்திருந்தால் வாங்குங்கள். இப்போதுதான் பேட் பிடிக்கிறது என்றால் வேண்டாம், அந்தப் பணத்தில் நல்ல ரப்பரும் இரண்டு டஜன் பந்தும் வாங்கிக் கொடுத்து மிச்சத்தைப் போட்டிக்கு அழைத்துப்போகும் பஸ் செலவுக்கு வையுங்கள். சென்டர் நடத்துபவர்கள் என்றால், ஒன்று போதும். பத்துப் பிள்ளைகளுக்கு முறைபோட்டுக் கொடுக்கலாம்.

போன வாரம் அந்தப் பெண்ணுக்கு இணையத்தில் ஓர் இடக்கை ஆட்டக்காரர் கிடைத்தார். எந்த ஊரோ, எந்த நாடோ. எங்கள் சென்டரில் இடக்கைப் பிள்ளை ஒன்றுகூட இல்லை, இவள் இதுவரை இடக்கையோடு ஆடியதே இல்லை. மூன்று செட்டும் தோற்றாள். ஹெட்செட்டைக் கழற்றி, நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். "சார், வெளிப்பக்கமா வளைஞ்சு போகுதே, அந்த சர்வீஸை எங்க நின்னு எடுக்கணும்?"

நான் பேட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டு டேபிளுக்குப் போனேன். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று ஒன்பது மணிவரை அதையே போட்டுக்கொண்டிருந்தோம்.